எட்டு முழம் தள்ளி ஒரு டிவி

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் டிவி என் வீட்டுக்குத்தான் வந்தது. நான் வாங்கியதல்ல. மெட்ராஸில் வேலையாயிருந்த என் மைத்துனருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. "பத்திரமா வெச்சிருங்க மாமா" என்று கொண்டுவந்து இறக்கிவிட்டு ரயிலேறிவிட்டார். பெரிய மரப்பெட்டி. முன்னால் இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

மாடியில் ஆண்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பிக் கட்டிய அன்றே சட்டமும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம், அவ்வளவுதான். மற்ற நாளில் பெட்டி பூட்டியே கிடக்கும். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் வாசலோடு திரும்பிவிட வேண்டும். ஏதோ ஜில்லா கலெக்டர் என்று எனக்கு நினைப்பு.

எல்லாவற்றையும்விடக் கறாரான சட்டம் கண்ணுக்கானது. டிவி வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும் என்று பட்டு நூல் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். பட்டு நெய்கிறவனிடம் கண்ணை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? தறி போட்டிருந்த நீளக் கூடத்தில், டிவியிலிருந்து எட்டு முழம் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். என் மூன்று பிள்ளைகளானாலும் சரி, தெருவிலிருந்து வந்து குவிகிற முப்பது பிள்ளைகளானாலும் சரி, கோட்டைத் தாண்டக் கூடாது. நான் டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, பிள்ளைகள் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்துகொள்வேன். படம் பார்த்ததே கிடையாது. காவல்தான்.

எல்லாரும் அடங்கினார்கள், என் நடுப்பெண்ணைத் தவிர. அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படம் போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, உட்கார்ந்த வாக்கிலேயே நகர ஆரம்பிப்பாள். ஒரு முழம், இரண்டு முழம். சத்தம் போட்டால் பின்னால் போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டிவியின் மடியில் இருப்பாள். "உங்க வீட்டுப் பொண்ணுன்னா மட்டும் கிட்ட உக்காரலாமா?" என்று தெருப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"ஏன்டி, சொன்னா காதுல ஏறாதா? ஒரு மாசம் உனக்கு டிவி கிடையாது. போ உள்ள."

அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். என்ன திமிர் பார் என்று எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

அவள் கண்ணைப் பற்றி எனக்குத் துளி சந்தேகம் வந்ததில்லை. வருவதற்கு வழியும் இல்லை. தறியில் இழை அறுந்தால் நான் துழாவிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பாவின்மேல் குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் அறுந்ததன் நுனியைப் பிடித்து முடிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். தலைமயிரைவிட மெல்லிய இழை அது. "கண்ணா அது, கழுகுக் கண்ணு" என்று பக்கத்துத் தறிக்காரரெல்லாம் சொல்வார்கள். எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய கண் பரிசோதனை கிடையாது.

தண்டனையின் மூன்றாவது ஞாயிறு. படம் முடிந்து, பெட்டியைப் பூட்டியாகிவிட்டது. பெரியவன் தன் அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அடுப்பங்கரையிலிருந்து நடுப்பெண் அவனைத் திருத்தினாள். அந்த வசனத்தைப் பேசியது படத்தில் வரும் அண்ணன் இல்லை, தம்பி என்றாள். அதை அப்படியே ஒப்பித்தாள். அவள் சொன்னதுதான் சரி.

"படத்தையே பாக்கல, எப்படிடி தெரியும்?" என்றேன்.

"இங்க உக்காந்து கேட்டுக்கினு இருந்தேன் நைனா. கோட்டுக்குப் பின்னாடி உக்காந்தாலும் இப்படித்தானே. குரல வெச்சுத்தான் யாருன்னு கண்டுபுடிப்பேன்."

"மூஞ்சி தெரியாதா?"

"அங்கேர்ந்து எப்படித் தெரியும்? வெள்ளையா ஏதோ ஆடும். எல்லாருக்கும் அப்படித்தானே நைனா தெரியும்?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் கூடத்தின் கோடிக்குப் போய் நின்று மூன்று விரலைக் காட்டினேன். "கை தெரியுது" என்றாள். விரலை எண்ணச் சொன்னால், ஐந்து என்றாள். கைக்கு ஐந்து விரல்தானே என்ற தைரியம்.

மறுநாள் தறியில் உட்காராமல் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "டிவியாலதான் போச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"டிவி வந்து எத்தனை மாசம் ஆவுது?"

"ஆறு மாசம்."

"இது ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும். கிட்டத்துல இருக்கறது நல்லா தெரியும், தூரம்தான் தெரியாது. பயப்படாதீங்க, கண்ணாடி போட்டா சரியாயிடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பூட்டத் தெரிந்தது, அளக்கத் தெரிந்தது, கத்தத் தெரிந்தது. ஏன்மா முன்னால போறே என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

கண்ணாடி கைக்கு வர ஒரு வாரமாயிற்று. அந்த ஞாயிறு தண்டனையெல்லாம் ரத்து. கறுப்பு பிரேம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோட்டுக்குப் பின்னால் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நான் என் முக்காலியில் உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமா?" என்றேன்.

"நீ எப்பவும் இப்படித்தான் முறைச்சுக்கினு இருப்பியா நைனா?"

முப்பது பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். "யாரு முறைக்கிறா? என் மூஞ்சியே அப்படித்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாது நைனா. இத்தினி நாளா நீ எங்களைப் பாத்து சிரிச்சுக்கினு இருக்கேன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு படம் முடிகிறவரை நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பழக்கமில்லாததால் கன்னம் இரண்டும் வலித்தன.