ராகுகாலத்துக்கு முன் எழும்ப வேண்டிய கார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. வெள்ளவத்தையில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நானாக எழுதியது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'மாற்றிய காசோடு வரவும்' என்ற ஒரு வரி மட்டும். அதுவும் மனைவி சொல்லச் சொல்ல எழுதியது. ஓ.எல். வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குக் கதை வராது. வாயால் சொல்ல முடியாமல் ஒரு வருடம் வைத்திருந்த விஷயத்தை எழுதினாலாவது சொல்லி முடிக்கலாம் என்று தொடங்குகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு காரைப் பற்றியது.

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு பல் டொக்டர் இருந்தார். வயதானவர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரத் தயாராகிக்கொண்டிருந்தார். 'கார் விற்பனைக்கு' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து இருபது பிரதி எடுத்தார். ஒன்றை என் கடைக் கண்ணாடியிலும் ஒட்டச் சொன்னார். இரண்டு மாதமாக ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டொக்டர் ஒவ்வொரு கிழமையும் வந்து, "ஆரும் விசாரிச்சவையோ?" என்பார். "இல்லை" என்று சொல்ல எனக்கே குற்றம் செய்ததுபோல இருக்கும். ஒருநாள் அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீரே எடுமன். உம்மட கண்ணாடியிலதானே இவ்வளவு நாளாய்த் தொங்குது."

'ஓம்' என்ற சொல் என் வாயில் எப்போதும் முன்னுக்கே நிற்கும். 'இல்லை' பின்னுக்கு எங்கேயோ நிற்கும். அது வந்து சேருவதற்குள் ஆள் போய்விடுவார். நான் "ஓம்" என்றேன்.

வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. சின்னக் கார் ஒன்று வாங்கத்தான் நானும் மனைவியும் சீட்டுக் கட்டி வந்தோம். அந்தச் சின்னக் காரின் விலைக்கே இந்தப் பெரிய கார் கிடைத்தது. ஏன் கிடைக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. மனைவி யோசித்தாள்.

"விலை ஒண்டுதான், சரி. அப்ப மற்ற மனிசர் ஏன் வாங்கேல்லை?"

"அவைக்கு விருப்பமில்லையாக்கும்."

"கொழும்பிலை ஒருத்தருக்கும் விருப்பமில்லாத சாமானைத் தேடிப்பிடிச்சிருக்கிறியள்."

ஆனால் கார் அழகு. கறுப்பு நிறம். உள்ளே தோல் ஆசனமும் மரப் பலகையும். பின்கண்ணாடிக்கு, பொத்தானை அமர்த்தினால் தானாக மேலே வரும் திரை. கதவைப் பாதி சாத்தினால் போதும், மிச்சத்தைக் காரே இழுத்துச் சாத்திக்கொள்ளும். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த கார் என்பதால் உள்ளே ஒரு பெண் ஜப்பான் மொழியில் பேசுவாள். ஸ்டார்ட் பண்ணினால் ஒரு வசனம், நிற்பாட்டினால் ஒரு வசனம், இடையில் அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் ஏதாவது. அவளைப் பேசாமல் இருக்கச் செய்யும் பொத்தான் எது என்று டொக்டருக்கும் தெரியாது. மனைவி அவளை "உங்கட ஜப்பான்காரி" என்றுதான் சொல்வாள்.

பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்து, ஐயர் சொன்னபடி ஏற்றி நசித்தேன். மூன்றாம் நாள் காலை கீழே இறங்கிப் பார்த்தால் காரின் பின்பக்கம் நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. டயரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். டயர் இருந்தது. கார்தான் அதற்கு மேலே குந்திவிட்டது, மாடு படுத்ததுபோல.

கொலன்னாவையில் இருந்து ஒரு சிங்கள மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் காருக்கு அடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழும்பி, என் தோளில் கையை வைத்து, சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல "அய்யே" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இந்தக் காருக்கு இரும்புச் சுருள் இல்லையாம். காற்றுப் பைகளில் நிற்கிறதாம். பின்பக்கப் பைகள் இரவிரவாகக் காற்றை விடுகின்றன. பைக்குள் காற்று அடிக்கும் பம்பும் கிழடு. புதிது இங்கே எடுக்க முடியாது. இதே மாதிரிக் கார் வேறு ஒன்று உடைபட்டால் கழற்றித் தருவேன் என்றார். அதுவரைக்கும் ஒரு வழி சொன்னார். ஆள் ஏறாமல் ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கார் மெல்ல எழும்பும். பிறகு ஏறி ஓடலாம். எழும்ப முதல் ஆள் ஏறினால் பம்பின் கதை முடிந்தது.

அன்றிலிருந்து விடிய ஐந்தரைக்கு, தொடர்மாடியில் ஒருவரும் எழும்ப முதல் நான் கீழே போய்க் காரை எழுப்பிவிட்டு வந்தேன். ஒரு வருடம். மனைவிக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கார் வாங்கிய கிழமையே பாமன்கடையில் இருந்து அக்கா வந்து பார்த்தா. சுற்றி நடந்தா. கதவு தானாகச் சாத்துவதை மூன்று தரம் சாத்திப் பார்த்தா. பிறகு, "பரவாயில்லை, நீயும் ஒண்டு செய்திருக்கிறாய்" என்றா. அக்கா என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன முதல் வசனம் அது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

அக்காவின் மகனுக்குக் கொட்டாஞ்சேனையில் பெண் சரிவந்தது. பெண்ணின் பெரியப்பாவுக்கு அங்கே ஹார்ட்வெயார் கடை, பெரிய கை. "மாப்பிள்ளைக்குக் கார் நாங்கள் பிடிக்கட்டோ?" என்று அவர் கேட்டாராம். "வேண்டாம், மாப்பிள்ளையின்ர மாமாவிட்டை இருக்கு" என்று சொன்னதோடு நிற்காமல் அக்கா என்ன கார் என்றும் சொல்லிவிட்டா. எனக்குப் போன் எடுத்தா. நான் "ஓம்" என்றேன்.

அடுத்த ஒரு மாதமும் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்த ஒரு காலையில் கார் நிமிர்ந்து நின்று, அக்காவை அந்த மண்டபத்து வாசலில் தலை நிமிர்ந்து இறங்க விட வேண்டும். பிறகு அது எங்கே வேண்டுமானாலும் படுக்கட்டும்.

பூ கட்டுவதற்காக முதல் நாள் பின்னேரமே காரைப் பாமன்கடைக்குக் கொண்டுவந்து விடச் சொன்னா அக்கா. விட்டேன். கல்யாணம் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன்னம், ஏழு ஐந்துக்குப் பிறகு, மாப்பிள்ளை வெளிக்கிட வேண்டும் என்று ஐயர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். முன்னுக்கு முழுக்க மல்லிகையும் ரோசாவும். பின்பக்கம் பூவோடு சேர்த்து நிலத்தில். திறப்பைப் போட்டுத் திருப்பப் போனேன்.

"டேய், என்ன செய்யிறாய்?"

அக்கா பட்டுச்சீலை கட்டிக்கொண்டிருந்த பாதியில் படியில் நின்றா.

"எழுப்... ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன் அக்கா."

"விசரே உனக்கு? மாப்பிள்ளைக் காரை நல்ல நேரத்துக்கு முன்னம் ஸ்டார்ட் பண்ணுறதோ? ஸ்டார்ட் பண்ணினால் வெளிக்கிட்ட மாதிரி. அவன் ஏறி இருந்த பிறகுதான் திறப்பைத் திருப்ப வேணும். அந்தத் திறப்பை இஞ்சை தா."

கொடுத்தேன். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிச்சிட்டு இரு" என்றுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டா.

ஏழு ஐந்துக்குத் தேங்காய் உடைத்தார்கள். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மருமகன் வந்து பின்னால் ஏறினான். பள்ளிக்கூடக் காலத்தில் ரக்பி விளையாடியவன். இப்போது விளையாடுவதில்லை, சாப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அவனுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் மாப்பிள்ளைத் தோழியாக அவன் தங்கச்சி. முன்னால் அத்தான். அக்கா திறப்பை நீட்டினா. நான் திருப்பினேன். ஜப்பான்காரி வழக்கமான வசனத்தைச் சொன்னாள். பிறகு இதுவரை நான் கேட்டிராத நீளமான ஒன்றையும் சொன்னாள்.

"மாமா, என்னவாம்?" என்றான் மருமகன்.

"பெல்ட் போடட்டாம்."

கார் ஒரு முறை முனகியது. அசையவில்லை. ஏழு பத்து. வாசலில் நின்ற சனம் கை காட்டத் தொடங்கி, காட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

"எடன் தம்பி," என்றார் அத்தான்.

"எழும்பேல்லை அத்தான்."

"ஆர் எழும்பேல்லை?"

அப்போதுதான் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பை, பம்ப், பத்து நிமிடம், ஐந்தரை மணி, ஒரு வருடம். பின்னால் இருந்தவர்களை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

"எல்லாரும் இறங்கினால் எழும்பும்," என்றேன்.

"மாப்பிள்ளை இறங்க ஏலாது," என்றா அக்கா. "வெளிக்கிட்டவன் திரும்பப் படியிலை கால் வைக்கிறதோ? மற்ற ஆக்கள் இறங்குங்கோ."

மருமகனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு நாங்கள் இறங்கி நின்றோம். பட்டுச்சீலையோடு அக்கா முற்றத்தில் நின்று, "எழும்பு" என்றா. காருக்கா எனக்கா தெரியாது. முதலில் முன்பக்கம் எழும்பியது. பூ எல்லாம் வானத்தைப் பார்த்தன. மருமகன் உள்ளே மல்லாந்தபடி ஒரு கையால் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் எழும்புறனா?" என்றான். "அசையாமல் இரு," என்றா அக்கா. ஏழு இருபத்தாறுக்குப் பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு மேலே வந்தது. ஏறிச் சாத்தினோம். ஏழு இருபத்தெட்டுக்குக் கேற்றைத் தாண்டினோம்.

கொம்பனித்தெருவில் ஒரு ஸ்பீட் பம்ப்பில் ஏறி இறங்கியபோது கீழே ஏதோ 'டக்' என்றது. ஜப்பான்காரி மூன்று தரம் ஒரே வசனத்தைச் சொன்னாள்.

"இவ்வளவு பெல்ட் இந்தக் காரிலை இல்லை மாமா," என்றான் மருமகன்.

"பம்ப் போயிட்டுது," என்றேன். "இந்தப் பாரத்துக்குக் கொஞ்ச நேரத்திலை இருந்திடும். வாசலிலை உடனை இறங்க வேணும்."

"உடனை எப்பிடி இறங்குறது?" என்றார் அத்தான். "ஆலாத்தி இருக்கு. கால் கழுவ வேணும். மோதிரம் போட வேணும்."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனை மண்டப வாசலில் மேளம், குத்துவிளக்கு, முன்னால் பெரியப்பா. நிறுத்தினேன். பெண்ணின் தம்பி செம்போடு வந்து நின்றான். இரண்டு பெண்கள் ஆலாத்தித் தட்டோடு வந்தார்கள். கர்ப்பூரம் பற்றவில்லை. துறைமுகக் காற்று. ஒரு குச்சி, இரண்டு குச்சி, மூன்று. நான்காவது குச்சியில் என் முதுகுக்குக் கீழே அந்தப் பெருமூச்சு கேட்டது. நாயனக்காரர் மூச்செடுக்க நிறுத்திய நேரம் பார்த்து எல்லோருக்கும் கேட்டது. கார் இறங்கத் தொடங்கியது. மெல்ல, சத்தமில்லாமல், பூவும் மாப்பிள்ளையுமாக, அந்தச் சபைக்கு முன்னால் தாழ்ந்து தாழ்ந்து நிலத்தைத் தொட்டு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெரியப்பாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"பாத்தீங்களே! மாப்பிள்ளை வேட்டியோடை இறங்க வசதியாய்க் கார் பதியுது."

கண்ணைத் திறந்தேன். சனம் எட்டி எட்டிப் பார்த்தது. அக்கா சீலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினா.

"ஓம்," என்றா. "அது அப்பிடித்தான். தம்பி எல்லாம் பாத்துத்தான் வாங்கினவன்."

நான் எஞ்சினை நிற்பாட்டினேன். ஜப்பான்காரி கடைசி வசனத்தைச் சொன்னாள்.

"இவ என்ன சொல்லுறா?" என்றார் பெரியப்பா.

"வாழ்த்துச் சொல்லுறா," என்றா அக்கா, முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

கர்ப்பூரம் பற்றியது.

சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா தேடிவந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்று சிநேகிதர்களையும் கூட்டி வந்திருந்தார். இன்னொருக்கால் பதித்துக் காட்டச் சொன்னார். "சாப்பிட்டிட்டு" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, காரைக் கொடுக்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். விலையை நீங்களே சொல்லுங்கோ என்றார்.

'ஓம்' வழக்கம்போல முன்னுக்கு வந்து நின்றது. எதிரே, பாயசம் பரிமாறுகிறவர்களைப் பார்ப்பதுபோல அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. இந்த மனிதரின் வீட்டுக்குத்தான் இனி எங்கள் பிள்ளை போய்வரப் போகிறான்.

"இல்லை ஐயா," என்றேன். "அது பழுது. எழும்பாது. உண்மையாய்த்தான் சொல்லுறன்."

அவர் சிரித்தார். "தர மனமில்லை எண்டு நேரை சொல்லுமன் தம்பி. நல்ல சாமான் வைச்சிருக்கிற ஆள் இப்பிடித்தான் கதைக்கும்." சிநேகிதர்களும் சிரித்தார்கள். நான் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். இன்னும் கூடச் சிரித்தார்கள்.

கை கழுவும் இடத்தில் அக்கா வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தா.

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"வாய் வரேல்லை அக்கா."

"இப்ப மட்டும் வந்துது." ஈரக் கையால் என் சட்டைக் கொலரை ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்தா. "திரும்பிப் போக ஒரு ஓட்டோ பிடி. ரெண்டு பிடி."

அடுத்த நாள் காலை கொலன்னாவை மெக்கானிக் லொறி கொண்டுவந்து, மண்டபத்து வாசலில் கிடந்த காரைப் பூவோடு ஏற்றிக்கொண்டு போனார். நான் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்கு வந்து ஒன்பது மணிக்குக் கடை திறந்தேன். முதலில் வந்தவர் அடையாள அட்டைக்கு இரண்டு பிரதி கேட்டார்.