அமாவாசை மேட்னி

போன அமாவாசையன்று திண்டுக்கல்லில் ஒரு புது தியேட்டருக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டித் தம்பி பையைத் துழாவி, "வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்ல சார்" என்று முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கொடுத்துவிட்டேன். சட்டைக்குள் இருந்த பிரியாணிப் பொட்டலம் அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் தொப்பை என்று நினைத்திருப்பார். இத்தனை வருடம் வளர்த்ததற்கு அன்றைக்குத்தான் அது எனக்கு உதவியது.

உள்ளே உட்கார்ந்து இலையைப் பிரித்தேன். சீரகச்சம்பா வாசனையோடு அம்மா வந்துவிட்டாள்.

அப்போதெல்லாம் சின்னாளபட்டியில் எங்கள் தறிக்கு அமாவாசைதான் லீவு. மாதத்தில் அந்த ஒரு நாள் குடும்பத்தோடு திண்டுக்கல். கடைவீதி, வளையல், கடைசியில் மேட்னி. சிக்கல் என்னவென்றால், அமாவாசையில் கவுச்சி கூடாது என்பது அப்பாவின் சட்டம். தியேட்டருக்கோ பிரியாணிக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு, மூச்சை உள்ளே மட்டும் இழுத்தபடி நடப்போம்.

அம்மா ஒருநாள் கேட்டே விட்டாள். "இம்புட்டு வருசமா வாரோம், ஒரு வாய் தின்னதில்ல. மத்த நாள்ல கூட்டியாந்தா என்னங்கிறேன்?"

"மத்த நாள்ல தறி ஓடணும்ல" என்றார் அப்பா.

அப்பா டிக்கெட் வரிசையில் நின்ற நேரத்தில் அம்மா எங்கேயோ போய்விட்டு, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே குட்டைச் சுவர் ஒன்று உண்டு. ஏழு வயது ஆம்பளையான நான் பெண்கள் பக்கம். விளக்கு அணைந்ததும் அம்மாவின் முந்தானையிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வெளியே வந்தது.

"அம்மா, அமாவாசை" என்றேன், வாயைத் திறந்துகொண்டே.

"இருட்டுக்குள்ள அமாவாசையாவது பௌர்ணமியாவது. தின்னுடா."

வாசனை சுவரை மதிக்கவில்லை. செத்த நேரத்தில் அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல். "அமாவாசையும் அதுவுமா, எவ அவ?"

அம்மா மெல்வதை நிறுத்தவில்லை. "நாந்தேன்."

சுற்றியிருந்த பெண்கள் திரையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். இனி திண்டுக்கல்லும் இல்லை, மேட்னியும் இல்லை என்று நினைத்தேன். ஆனாலும் வாயில் இருந்த கறியை அவசரமாக விழுங்கினேன்.

சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது.

"எலும்பில்லாமப் பாத்துக் குடு. இருட்டுல பல்லு போயிரும்."

அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அப்பாவும் அம்மாவும் இல்லை. இந்தப் புது தியேட்டரில் சுவரும் இல்லை, யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். என் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து, "என்ன சார், எங்கருந்தோ பிரியாணி வாடை வருது" என்றார்.

"நாந்தேன்" என்றேன், மெல்வதை நிறுத்தாமல்.

எலும்பில்லாத துண்டு ஒன்றை ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். அவர் கை நீட்டவில்லை. அதையும் நானே தின்றேன்.