கொடியில் காய்ந்த பால் கவர்

உத்தமபாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன் நான். வேண்டாம் என்று நான் தள்ளியதை என்னையே வாங்க வைத்தவள் முபீனா ஒருத்திதான். அவள் கதை இது.

அவளும் புருசன் இத்ரீசும் வாய்க்கால் முடிகிற கடைமடையில் குத்தகைக்கு வயல் எடுத்தவர்கள். 2004இல் இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவியிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. அவர்கள் வயலுக்கு மட்டும் வரவில்லை. ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் போகிற குழாயைப் பால் கவரும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. இத்ரீஸ் இறங்கி இழுத்துப் போட்டால் மறுபடி அடைக்கும். எல்லாம் அவர்கள் குடியிருந்த தெருவின் குப்பைதான். அங்கே கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். வீசினால் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று எல்லாருக்கும் நினைப்பு. எங்கே கொண்டுபோகும் என்று எவனும் கேட்டதில்லை.

ஒரு காலையில் முபீனா வீடு வீடாக வாங்கிய பால் கவரைச் சாக்கோடு கொண்டுவந்து என் தராசுப் பக்கம் கொட்டினாள். புளித்த பால் நாற்றம் அடித்தது.

"அள்ளிட்டுப் போம்மா, ஈ மொய்க்குது."

"பிளாஸ்டிக் குடம் எடுக்குறீக, இதை எடுக்க மாட்டீகளாண்ணே?"

"கழுவிக் காய வச்சா எடுப்பேன். பால் ஒட்டுனதை உருக்குறவன் வாங்க மாட்டான்."

"அம்புட்டுத்தானா? சரி."

சண்டை போடுவாள் என்று பார்த்தேன். சாக்கில் அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அந்தத் தெருவுக்கு வண்டியோடு போனால், கொடியில் சேலைக்கும் கைலிக்கும் நடுவே பால் கவர் தொங்குகிறது, கிளிப் மாட்டி. பக்கத்து வீட்டு நிலோபருக்குச் சிரிப்பு.

"என்னக்கா, பெருநாளுக்குப் புதுத் துணியா?"

"சிரிச்சுட்டு உன் வீட்டுக் கவரையும் குடு. நீ கழுவ வேணாம், நான் கழுவுறேன். வாய்க்கால்ல வீசுனா, குழாயில எடுக்குறதை உன் வாசல்ல கொட்டுவேன்."

நிலோபர் வீசினாள். முபீனா கொட்டினாள், சேறோடு. தெருவே கூடிவிட்டது. நிலோபரின் புருசன் சேக் தாவூது, மளிகைக் கடைக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது எங்க வீட்டுதுன்னு என்ன அடையாளம்?"

"உங்களுது இல்லாததை எடுத்துக் காட்டுங்க மச்சான். அதை மட்டும் நான் அள்ளிக்கிறேன்."

அவர் குச்சியால் கிளறினார். பாதிக்கு மேல் அவர் கடைப் பேர் அச்சடித்த மெல்லிசுப் பை. குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பையைக் கழுவினாலும் என்னால் வாங்க முடியாது, வாங்க ஆளில்லை. அதையும் அவரிடம் போய்ச் சொன்னவள் முபீனாதான். ஒரு வாரம் முனகிவிட்டு, பையை நிறுத்திக் காகிதப் பொட்டலத்துக்கு மாறினார். பால் கவருக்குக் கடையிலேயே ஒரு சாக்குத் தொங்கவிட்டார். அதை முபீனா கழுவிக் காயவைத்துக் கொண்டுவர, நான் எடைக்கு எடுத்தேன். காய்கறித் தோலெல்லாம் முபீனாவின் எருக்குழிக்குப் போனது. கொல்லைகளில் கொசு குறைந்தது. வாய்க்காலில் குப்பை போய்த் தரை தெரிந்தது.

கடைமடைக்கு முறை வந்து தண்ணீர் விட்ட அன்று, அந்தக் குழாய்க்கு மேலே ரோட்டில் நானும் நின்றேன். குழாய் வாய் நிறையத் தண்ணீர் பாய்ந்து வயலுக்குள் ஏறியது. ஆனால் நாற்று பாதி கருகிப் போயிருந்தது. இத்ரீஸ் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எந்திரிங்க. மார்க்கையன்கோட்டையில நாத்து மிச்சம் கெடக்காம். தண்ணி வந்துருச்சுல்ல, நாத்தைத் தேடிக்கலாம்."

சொல்லிக்கொண்டே காலைக் கழுவிச் செருப்பை மாட்டினாள். அவன் எழுந்திருப்பதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.