அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வைத்த மிச்சம்

இன்றைக்குக் காலையில் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருந்தேன். கழுத்து ரத்தக் குழாயைப் பார்க்கும் ஸ்கேன், எனக்கு இது இரண்டாவது தடவை. அங்கே வேலை செய்யும் பெண் கழுத்தில் ஜெல்லைத் தடவினாள். சில்லென்றது. சாமியைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் எனக்குக் கலர் பாட்டில் ஞாபகம் வந்தது. என் புத்தி அப்படி.

எங்கள் பக்கத்தில் கடையில் விற்கிற குளிர்பானம் எல்லாமே கலர்தான். சின்ன வயதில் முனைக் கடை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு முட்டுக்காட்டு வெயிலில் ஓடி வருவேன். ஒன்றை மட்டும் கழுத்தோடு அணைத்துக்கொள்வேன். இதே இடம்தான். வீட்டில் அக்காவைப் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கலரை ஒட்டக் குடிக்க மாட்டார்கள். குடித்தால், காணாததைக் கண்டவர்கள் என்று நினைத்துவிடுவோமாம். ஆளாளுக்குக் கால் பாட்டில் மிச்சம் வைத்துவிட்டு, "பாப்பாக்குக் குடுங்க" என்று எழுந்துகொள்வார்கள். பாப்பா நான்தான். ஆரஞ்சு, கறுப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே சொம்பில் ஊற்றினால் பேரே இல்லாத ஒரு நிறம் வரும். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அக்காவுக்கு லேசில் அமையவில்லை. திருப்போரூரிலிருந்து வந்தார்கள், மதுராந்தகத்திலிருந்து வந்தார்கள். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. அக்கா உள்ளே பட்டுப் புடவையை மடித்துக்கொண்டிருப்பாள், நான் சொம்போடு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் இரண்டு தெரு தள்ளியே அவளுக்கு மாப்பிள்ளை கிடைத்தார். எனக்குக் கலர் நின்றதில் வருத்தம்தான்.

ஆனால் பழகிய நாக்கு விடுமா? மறைமலைநகரில் வேலைக்குச் சேர்ந்ததும், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும்போது கையில் ஒரு பாட்டில் இருந்தே ஆக வேண்டும். இனி மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டாம், முழு பாட்டில். அதில் ஒரு பெருமை வேறு.

அப்பா பக்கவாதத்தில் கிடந்தவர். அதனால் போன வருஷம் எனக்குத் தலைசுற்றல் வந்தபோது டாக்டர் கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "அடைப்பு இல்ல. ஆனா குழாய்ச் சுவர் வயசுக்கு மீறித் தடிச்சிருக்கு" என்றார். சாப்பாட்டுப் பழக்கத்தை விசாரித்தார், கலர் கதையைச் சொன்னேன். "அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா சின்ன வயசுலேர்ந்து சேர்ற சர்க்கரை ரத்தக் குழாயைச் சும்மா விடாது. இப்ப நிறுத்தினாலும் லாபம்தான்."

வெளியே வந்து அழுதேன். அப்பாவைப் படுக்கையில் புரட்டிப் போட்ட கை இது. என்னை யார் புரட்டுவார்கள்? கூட வந்திருந்த அக்கா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னைப் பாக்க வந்த மாப்ளைங்க அத்தினி பேரும் உன் கழுத்துலதான் குந்திகினு கீறானுங்க. நடந்தே தொரத்திடலாம். காலைல ரெடியா இரு."

அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் விடியும்போதே வாசலில் நின்றாள். அன்றிலிருந்து தினமும் நடை, கலர் கிடையாது.

இன்று ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "தடிப்பு கூடல. இப்படியே போங்க" என்றார். வெளியே பெஞ்சில் அக்கா.

"இன்னாடி சொன்னாரு? இன்னும் குந்திகினு கீறானுங்களா?"

"கீறானுங்க. புதுசா யாரும் வரலியாம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எனக்குத் தெரியாதாம்.

இப்போதெல்லாம் மாப்பிள்ளை செல்போனில் போட்டோவாக வருகிறார். நேரில் வருகிறவர்களும், "சுகர்ங்க, தண்ணி போதும்" என்கிறார்கள். முனைக் கடை ஐஸ் பெட்டி போய்விட்டது, திருப்பிக் கொடுக்கிற கண்ணாடி பாட்டில் போய்விட்டது. பாப்பாவுக்கு என்று மிச்சம் வைக்கிறவர்களும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கால் பாட்டில் இருக்கும்போது நிறுத்தி என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா பாப்பா."

ஒட்டக் குடித்தேன்.