சூரியனைப் பிழையான பக்கத்தில் இறக்கினேன்

வெள்ளவத்தையில் சூரியன் கடலுக்குள் விழுகிறது. வந்து பதினைந்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் முல்லைத்தீவில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பொழுதுபட, உப்புநீர் ஏரியான களப்பின் பக்கம் போய் விழும். ஒருநாள் தண்டவாளத்துக்கு அப்பால் கல்லில் நின்று ஒரு சிங்களப் பெரியவர் அதைப் படம் எடுத்தார். "லஸ்ஸனை நேத?" என்றார், அழகுதானே என்று. எங்கள் ஊரில் இது மற்றப் பக்கம் என்று சொல்ல நினைத்து, தெரிந்த சிங்களத்தில் "அனித் பெத்த" என்றேன். தள்ளி நிற்கச் சொல்கிறேனாக்கும் என்று நினைத்து, பாவம், மற்றப் பக்கம் போய் நின்றார். நான் திருத்தவில்லை. கதைத்துத் திருத்துகிற பழக்கம் எனக்கில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இதை வாசிப்பீர்கள். நானும் புலம்பெயர்ந்தவன்தான். எனக்குக் கொழும்பே வெளிநாடு. பாஸ்போட் கேட்கவில்லை, ஐடென்ரிக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஊரில் வலை இழுத்தவன் இங்கே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை துப்புரவாக்குகிறேன். இருப்பது கொட்டாஞ்சேனையில், ஒற்றை அறை. மகள் டிலானி வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்கிறாள்.

லண்டனிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்து லொட்ஜில் தங்கினார். நான் முல்லைத்தீவு என்று தெரிந்ததும் கதிரை இழுத்துப் போட்டார். மூன்று பின்னேரம் கேட்டார். மகளுக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னேன். சண்டையின் கடைசி நாள், களப்பைக் கடந்து தப்ப என் மனைவி ஜெசிந்தா வரவில்லை. அவளுடைய தம்பிக்கு இடுப்பில் காயம், தூக்க ஏலாது. "பிள்ளையைக் கொண்டு போங்கோ, நான் இவனோட நிக்கிறன்" என்றாள். விடிந்து நான் களப்புக்குள் இறங்கியபோது, பின்னால் கடலிலிருந்து சூரியன் எழும்பியிருந்தது. அவள் கரையில் நின்றாள். பிறகு அந்த இடத்தில் ஷெல் விழுந்தது.

அடுத்த வருடம் அவருடைய நாவல் வந்தது. பரிசும் கிடைத்ததாம். கடையில் யாரோ "இது உங்கட அப்பான்ர கதை போல" என்று டிலானியிடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் வாசித்தாள், அழுதாள். மூன்றாம் நாள் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா நித்திரையா இருந்தவவோ?"

நாவலில் அந்த மனிதன் நடுச்சாமத்தில், மனைவி நித்திரையில் இருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களவாக ஓடுகிறான். பிறகு கொழும்பில் குடித்து அழுகிறான்.

"இல்லை" என்றேன்.

"எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறார். பொய்யெண்டா இப்பிடி எழுத ஏலுமோ?"

என் ஒரு சொல்லும் அவருடைய முந்நூறு பக்கமும். எது வெல்லும்? அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

அதற்குப் பிறகு நான் மற்ற அகதிக் கதைகளையும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லாவற்றிலும் அகதி ஒன்றில் கும்பிடுகிறான், அல்லது குற்றத்தில் எரிகிறான். யோசித்து ஒரு முடிவு எடுத்த பெண்ணை ஒருவரும் எழுதக் காணேன். ஜெசிந்தா எடுத்த முடிவை அவர் நித்திரை ஆக்கிவிட்டார்.

போன வருடம் மனுசன் திரும்பவும் வந்தார், அடுத்த நாவலுக்குக் கதை தேடி. நான் பெட்சீற் மாற்றிக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, அவ முழிச்சு நிண்டவ எண்டு சொன்னனான் எல்லோ?"

"ஓம் அண்ணை, சொன்னனீங்கள். ஆனா இது நாவல். வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு குற்றவுணர்ச்சி வேணும். உங்கட பேர் போடேல்லைத்தானே?"

தலையணையை உறைக்குள் திணித்தேன். கை அவருடைய கழுத்துக்குப் போகவில்லை, தலையணைக்குப் போனது. அவ்வளவுதான் சொல்லலாம்.

"இருங்கோ அண்ணை. கடற்கரையில பின்னேரம் எப்பிடி இருக்கும்? ஒரு காட்சி வேணும்."

யன்னலைப் பார்த்தேன். வெள்ளவத்தைக் கடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்பிடித்தான் தம்பி. எங்கட பெருங்கடலுக்குள்ளயும் இப்பிடித்தான் விழும். சிவப்பா."

எழுதினார். பேனை நிற்கவேயில்லை. அவருடைய அப்பா அம்மா யாழ்ப்பாணம். அவர் முல்லைத்தீவுக் கடலில் கால்கூட நனைத்ததில்லை. ஒரு தேசப்படத்தை எடுத்துப் பார்த்திருந்தாலும் போதும். பார்க்கவில்லை. அகதி சொன்னால் கண்ணீர் மட்டும்தான் வரும், பொய் வராது என்று நினைத்துவிட்டார்.

புத்தகம் போன மாதம் வந்தது. கையெழுத்துப் போட்டு எனக்கும் ஒன்று அனுப்பினார். நான் அதை டிலானியின் பக்கம் தள்ளினேன். முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள். முல்லைத்தீவுக் கடல் அந்திச் சூரியனை விழுங்கியதாம்.

"அப்பா, எங்கட கடலுக்க சூரியன் விழுமோ?"

"எழும்பும்."

சிரித்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சிரித்தாள். "ஐயோ, முதல் வரியே! ஊர்ச் சனம் நாறடிக்கப் போகுது. ஆர் சொன்னது இந்தாளுக்கு?"

"நான்தான்."

சிரிப்பு நின்றது. "அப்ப நீங்களும் பொய் சொல்லுவியள்."

பழி இரண்டு பக்கமும் வெட்டும் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுடைய சால்வையையும் ஒரு தலையணையையும் எடுத்துக் கொடுத்தேன்.

"தலையணையை நெஞ்சோட வைச்சு இறுக்கிக் கட்டு. முடிச்சு முதுகு நடுவில வரவேணும். நீயே கட்டு."

கட்டிப் பார்த்தாள். கை எட்டவில்லை. திரும்பவும் பார்த்தாள்.

"முதுகுப் பக்கம் வெடி வருமெண்டு உன்னை என்ர நெஞ்சில வைச்சுக் கட்டினது. முடிச்சு என்ர முதுகில. முகாமில வேற ஒரு மனிசி கத்திரிக்கோலால வெட்டித்தான் உன்னை இறக்கினது."

அவள் கையைப் பின்னால் விட்டு, முடிச்சு வரவேண்டிய இடத்தைத் தேடினாள்.

"இப்ப சொல்லு. நித்திரையில கிடந்தவவோ கட்டினது?"

தலையணையைக் கன நேரம் மடியில் வைத்திருந்தாள்.

எழுத்தாளர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும். சூரியனை மறுபதிப்பில் திருத்துவார். ஜெசிந்தாவையும் எழுப்பி நிறுத்தினால்தான் எனக்குக் கணக்குத் தீரும். அதுவரை, ஊர்க்காரரே, முதல் வரியைச் சத்தமாக வாசித்துச் சிரியுங்கள்.

ஞாயிறு பின்னேரம் டிலானியும் நானும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கல்லில் நின்றோம். சூரியன் இறங்கியது. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

"அம்மா நிண்டது எந்தப் பக்கம்?" என்றாள்.

கிழக்கே காலி வீதியைக் காட்டினேன், பிளாட்டுகளுக்குப் பின்னால், அங்கே ஏற்கெனவே இருட்டியிருந்த பக்கத்தை. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.