டீலரின் சீட்டு டீலருக்கே தெரியாது

காசினோவில் டீலரை எதிர்த்து ஆடும் மூன்று சீட்டு போக்கரில் டீலருக்கு மூளையே தேவையில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. ஆட வருபவர் முதலில் ஒரு பந்தயம் வைக்கிறார். அவருக்கு மூன்று சீட்டு, சீட்டுப் போடும் டீலரான எனக்கு மூன்று சீட்டு. தன் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் விலகலாம். விலகினால் வைத்தது போய்விடும். ஆடுவதென்றால் அதே அளவு இன்னொரு பந்தயம் வைக்க வேண்டும். எல்லோரும் முடிவு செய்த பிறகுதான் நான் என் சீட்டைத் திருப்புவேன். அதுவரை அதில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. என்னிடம் ராணியோ அதற்குப் பெரியதோ இல்லையென்றால் ஆடியவர்கள் முதல் பந்தயத்தில் ஜெயித்துவிடுவார்கள். இருந்தால், யார் கை பெரிதோ அவருக்கு. அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது வரை படித்த நான், அமெரிக்காவில் காசினோக்கள் நிறைந்த அட்லாண்டிக் சிட்டியில் ஒரு வகுப்பில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். என் கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. அவருடைய வேலை போன பிறகு, என் வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் அவர் மருந்து ஓடியது. அந்தச் சனிக்கிழமை மதியம் நான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அதே மாநிலத்தில் உள்ள பிஸ்கட்டவே என்ற ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞன் என் மேசையில் உட்கார்ந்தான். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "அக்கா, தமிழா?" என்றான். மேசையில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்பது விதி. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் தலையாட்டிவிட்டேன். நம் பிள்ளை என்ற பாசம். அந்தத் தலையை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நாலு ஆட்டம் தோற்றதும் ஆரம்பித்தான். "அக்கா, குயின் இருக்கா? லைட்டா கண்ண மட்டும் காட்டுங்க, போதும்."

ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று மெல்லச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் பக்கத்தில் நின்ற நண்பனிடம் சிரித்தான். "மதுரைலேர்ந்து வந்து சீன் போடுறாங்க பாரு."

நான் மதுரைக்காரி இல்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் விலகினான். நான் திருப்பியபோது என்னிடம் ராணிக்குக் கீழான ஜாக்தான் பெரிது. விலகாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பான். மேசையைத் தட்டி, "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நமக்குள்ள ஹெல்ப் பண்ணலன்னா எப்படி?" என்றான்.

சத்தம் கேட்டு மேற்பார்வைக்காரர் வந்தார். இவர் உன்னிடம் என்ன கேட்டார் என்று என்னைத்தான் கேட்டார். தலைக்கு மேலே கேமரா. அவன் முகம் சட்டென்று மாறியது.

"அக்கா, வேணாம்க்கா. சொல்லாதீங்க. நாங்க சும்மா விளையாட்டுக்கு..."

சொன்னேன். அவன் கேட்டதை ஒன்று விடாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உரக்க. அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. அவனை எழுப்பி அனுப்பினார்கள். போகும்போது, "நம்ம ஆளே போட்டுக் குடுத்துட்டாங்க," என்று நண்பனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

தமிழில் கேட்டதற்குத் தலையாட்டியதற்காக எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, "பாவம், சின்னப் பையன். கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்," என்றார்.

அவர் கையிலிருந்த மாத்திரை டப்பாவைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். "என் வேல போனா இத அந்தப் பையனா வாங்கித் தருவான்?"