பதினாலு மாடி சாமுண்டி

திருமுல்லைவாயிலில் இருக்கும் அந்தப் பதினாலு மாடிக் குடியிருப்பின் படிகளை, கைப்பிடி வைப்பதற்கு முன்பிருந்தே ஏறி இறங்குகிறவள் சாமுண்டீஸ்வரி. கட்டடம் எழும்பியபோது அங்கே சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாத படிகளில் ஏறினாள். குடிவந்தவர்கள் பால் காய்ச்சி முடித்த மறுமாதமே, அதே படிகளைத் துடைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வயது நாற்பத்தெட்டு. செம்பரம்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அந்த நிலமெல்லாம் இப்போது கிடங்குகள். கட்டிக்கொடுத்த இடம் அண்ணனூர். புருஷன் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை தூக்கி இடுப்பு போய் வீட்டில் கிடக்கிறான். அடுப்பு எரிவது இவள் காலால்தான்.

பி பிளாக் படிக்கட்டு முழுக்க அவள் பொறுப்பு. மாடிக்கு மாடி இருந்த குழாய்களைத் தண்ணீர் வீணாகிறதென்று குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். கீழே பிடித்த வாளியைப் பதினாலாவது மாடிக்குத் தூக்கிப் போய், மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். ஐந்து மாடிக்குள் தண்ணீர் கறுத்துவிடும். மறுபடி கீழே போய்ப் பிடித்து, மறுபடி ஏற வேண்டும். லிஃப்ட் இல்லையா என்றால், பிளாக்குக்கு இரண்டு இருக்கிறது. வேலைக்காரர்கள் ஏறலாம், காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரைக்கும். அவளுடைய வேலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிறது. இப்படி நேரம் குறித்தவர்களுக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

ஒரு வருடமாக வலது முட்டி அவளை விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஏறும்போது ஒன்றும் தெரியாது. மூச்சும் வாங்காது. இறங்கும்போதுதான், ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஜல்லி அரைபடுகிற மாதிரி இருக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கிவிடுவாள். அப்படி இறங்கினால் வலி பாதியாகக் குறையும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதற்குக் காரணமும் அவளே செய்துவைத்ததுதான். ஏ பிளாக்கில் வசந்தா என்று ஒருத்தி இருந்தாள். இளைப்புக்காரி. ஆறாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். ஒருநாள் சூப்பர்வைசர் அப்பாவு காதில் விழும்படி சாமுண்டி சொன்னாள், "ஏற முடியாதவ இன்னாத்துக்கு வேலைக்கு வரணும்? ஊட்ல குந்திக்கினு இருக்கலாமே." அடுத்த மாதம் வசந்தா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சாமுண்டி அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாய் இப்போது அவள் முட்டியையே கட்டிப்போட்டிருந்தது.

ஆகவே அவள் சுற்றி வளைத்து ஒரு மனு போட்டாள். மகள் மதிவதனிதான் எழுதிக் கொடுத்தாள். வாளித் தண்ணீர் படியில் சிந்துகிறது, குடியிருப்போர் வழுக்கி விழக்கூடும், எனவே காலை நேரத்திலும் வாளியை லிஃப்டில் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும். முட்டியைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது. செயலாளர் ஜானகிராமன் பணி ஓய்வு பெற்றவர், எதையும் கூட்டத்தில் வைத்துத்தான் முடிவு செய்வார். அடுத்த மாதக் கூட்டத்தில் பார்க்கலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதத்தை அவள் நாள் எண்ணிக் கழித்தாள். லிஃப்ட் கிடைத்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டலாம். கிடைக்காவிட்டால் இந்த வருடமே தாண்டாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் பதினோராவது மாடி கிரணுக்குப் பருவதமலை ஞாபகம் வந்தது. முப்பத்தி நாலு வயது, கம்ப்யூட்டர் வேலை, கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டம் சேர்த்தான். கடப்பாரையும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டிய மலை, யார் உடம்பு தாங்கும், யார் உடம்பு தாங்காது என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும், பாதி மலையில் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது என்றான். நியாயமான பேச்சுதான். சோதனையும் அவனே வைத்தான். பி பிளாக்கில் பதினாலு மாடி ஏற வேண்டும், ஆறு நிமிடத்துக்குள். மேலே போனதும் நாடி பார்ப்பான். அப்புறம் எல்லோரும் லிஃப்டில் இறங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பேர் புதுக் காலணிகளோடு வந்தார்கள். அப்போதுதான் துடைத்துவிட்டுப் போன படிகளில் வரிசையாகத் தடம் விழுந்தது. ஒன்பதாவது மாடி வித்யா, அவளுடைய வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மலையில் இது கால்வாசிகூட இல்லை என்று கிரண் எல்லோர் முன்னாலும் சொன்னதில் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. வாளியோடு ஓரமாக ஒதுங்கி நின்ற சாமுண்டியைக் காட்டி, தினமும் ஏறுகிற இவங்களுக்குக் கடிகாரத்தைக் கட்டிப் பாருங்கள், அப்புறம் யார் லாயக்கு என்று பேசலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிரண் நிஜமாகவே கடிகாரத்தைக் கழற்றிவிட்டான்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை கிடக்கிறது என்று நழுவியிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருடமாக எதை எதையோ தூக்கிக்கொண்டு ஏறியவளை ஒருவர்கூட நின்று பார்த்ததில்லை. இன்றைக்கு ஒன்பது பேர் பார்க்கிறார்கள். சேலையைத் தூக்கிச் செருகினாள். வாளியோடு ஏறட்டும் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதையும் மெய்யாக எடுத்துக்கொண்டு, தரைத்தளத்திலிருந்து பாதி வாளித் தண்ணீரோடு ஏறினாள். நாலு நிமிடம் பத்து விநாடி. கிரணுக்கே ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. நாடி பார்த்தால் மற்றவர்களைவிடக் குறைவு. பதினாலாவது மாடியில் கைதட்டல் கேட்டது. கிரண் அவளுக்குப் பதினாலு மாடி சாமுண்டி என்று பேர் வைத்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் எல்லோரும் லிஃப்டுக்குள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். வாளிக்கு இடமில்லை. கதவு மூடிக்கொண்டது. பதினாலு மாடியையும் அவள் வாளியோடு பின்பக்கமாக இறங்கினாள். அதற்கு யாரும் நேரம் பார்க்கவில்லை.

மலைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். வித்யாவுக்கு வராமல் இருக்க மனசு கேட்கவில்லை, அவளுடைய பையை யாராவது தூக்கினால் அவளும் வரலாம் என்றான் கிரண். கூடவே இன்னும் இரண்டு பேருக்குப் பை கனமாகத் தோன்றியது. ஆக, சோதனையில் தேறாத மூன்று பேர் அவளுடைய முதுகில் தேறினார்கள். சாமுண்டிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அந்த மலை உச்சியில் யாராக இருந்தாலும் தன் கையாலேயே சாமிக்குப் பால் ஊற்றலாம் என்று கேள்விப்பட்டிருந்தாள். பிறந்த ஊர்க் கோயிலில் அவளுடைய ஜனம் வெளியே நின்று கும்பிட்டுப் பழகியது. அதனால் முட்டியைப் பற்றி அவளே அவளிடம் பொய் சொல்லிக்கொண்டாள். ஏறும்போதுதான் வலிக்கவில்லையே என்று.

ஏறும்போது வலிக்கவும் இல்லை. படிகளைக் கடந்து, பாறைப் பாதையைக் கடந்து, கடப்பாரை நட்ட இடத்தில் மற்றவர்கள் மூச்சிரைக்க நின்றபோது, மூன்று பைகளோடு அவள்தான் முதலில் போனாள். கிரண் அதைப் படமெடுத்து அங்கேயிருந்தே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். உச்சியில் பாலை வாங்கி லிங்கத்தின் தலையில் ஊற்றினாள். பேரன் வேண்டும், புருஷன் இடுப்பு நேராக வேண்டும் என்று என்னென்னமோ கேட்க நினைத்துப் போனவள், கையில் பால் வழிகிற நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த லிஃப்டைக் கொடுத்துவிடப்பா.

இறக்கம் நாலு மணி நேரம் பிடித்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே முட்டி வீங்கிவிட்டது. பாறைக்குப் பாறை திரும்பி நின்று, கையை ஊன்றிப் பின்பக்கமாக இறங்கினாள். ஏன் இப்படி இறங்குகிறீர்கள் என்று வித்யா கேட்டாள். வெறுங்கையோடு வந்ததால் அவளுக்கு அதைக் கவனிக்க நேரம் இருந்தது. பழக்கம்தான் என்றாள் சாமுண்டி. வித்யாவும் நம்பிவிட்டாள், நம்புவது வசதியாக இருந்ததால். வேனில் எல்லோரும் தூங்கினார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி வந்தாள்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். தேநீர் கொடுக்க அவளையே நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய மனு ஏழாவதாக வந்தது. ஜானகிராமன் வாசித்து முடிப்பதற்குள்ளேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. மூன்று பையோடு சங்கிலி பிடித்து ஏறுகிறவருக்கு ஒரு வாளி பாரமா என்று ஒருவர் கேட்டார். நமக்குத்தான் லிஃப்ட் வேண்டும், இவங்களுக்கு எதற்கு என்றான் கிரண், பாராட்டாகத்தான். படத்தை மறுபடி ஓட்டிக் காட்டினார்கள்.

ஜானகிராமன் மோசமான மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டார். "உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா? இருந்தா இப்பவே சொல்லு, மனுவுல சேத்துக்கறேன்."

இரண்டே வார்த்தை போதும். முட்டி வலி. சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுதியிருப்பார். ஆனால் சுவரோரம் அப்பாவு கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றிருந்தான். அவள் கண்ணுக்கு அப்பாவு தெரியவில்லை. ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்த வசந்தா தெரிந்தாள். தேநீர்த் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னா சார், கல்லு மாரி கீறேன்."

கைதட்டல் எழுந்தது. சால்வை போர்த்தினார்கள். மனு தள்ளுபடி ஆனது. அதோடு நிற்கவில்லை. வேலைக்காரர்களுக்குப் படியே சுலபமாக இருக்கும்போது பதினொன்றிலிருந்து நாலு வரை லிஃப்ட் எதற்கு, மின்சாரமாவது மிச்சமாகட்டும் என்று ஒருவர் யோசனை சொல்ல, அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அன்று மாலையே மற்ற வேலைக்காரப் பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது பி பிளாக் லிஃப்டுக்குள் அவளுடைய படம் இருக்கிறது. கையில் சங்கிலி, முதுகில் மூன்று பை, முகமெல்லாம் சிரிப்பு. கீழே, லிஃப்டைத் தவிர்ப்போம், சாமுண்டீஸ்வரியைப் போல் படியேறுவோம் என்று அச்சடித்திருக்கிறது. தினமும் காலையில் தரைத்தளத்தில் கதவைத் திறந்து நிறுத்தி, கண்ணாடியையும் அந்தப் படத்தையும் துடைப்பது அவள் வேலை. யாராவது வந்தால் வெளியே வந்து வழிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு படிக்குப் போகிறாள்.

இறங்குவது முழுக்கப் பின்பக்கமாகத்தான், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முன்பக்கமாக இறங்க முட்டி விடுவதில்லை. ஆனால் பிழைப்புக்குப் பங்கமில்லை. படிக்கட்டுக் கதவைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அவள் முகம் மேல்நோக்கி இருக்கிறது, ஒரு கை கைப்பிடியில் இருக்கிறது, ஒரு கையில் வாளி இருக்கிறது. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்பாவுவும் அப்படித்தான் நினைக்கிறான்.